வீட்டு ஏறுசுவருக்குப் பர்ச் பலகையா, மரீன் பலகையா?

தெம்பனிஸ்வாசி:
என் மகளுக்கு 12 வயது, சுவரேற்றம் என்றால் உயிர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டில் அவள் அறையிலேயே ஒரு ஏறுசுவர் கட்டப் போகிறேன். தனியாக நிற்கும் மரச்சட்டம், செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வு. 8 அடிப் பலகையை அப்படிச் சாய்த்தால் உயரம் 2.11 மீட்டர்தான், கீழே 30 செ.மீ. அடிப்பலகை வைத்தாலும் கூரையில் இடிக்காது. 18 மி.மீ. தடிமன் என்பதில் குழப்பமில்லை. ஆனால் கடையில் 'மரீன் பிளைவுட்' (படகு கட்டும் ஒட்டுப்பலகை) என்கிறார்கள், சுவரேறுபவர்கள் பர்ச் (birch) மர ஒட்டுப்பலகை என்கிறார்கள். எதை வாங்கலாம்?

தச்சன்மகன்:
பர்ச்தான் அண்ணே. 18 மி.மீ. பால்டிக் பர்ச்சில் 13 அடுக்கு. இங்கே மரீன் என்று விற்கும் மெரந்தி மரப் பலகையில் பெரும்பாலும் ஏழோ ஒன்பதோதான். 20 செ.மீ.க்கு ஒரு துளை போட்டால் ஒரு பலகைக்கு 72 டீ-நட் (பிடியின் போல்ட்டை முடுக்கப் பலகையின் பின்னால் அடிக்கும் பல் வைத்த நட்). அத்தனையும் மரத்தைக் கடித்து நிற்க வேண்டும்.

நான் முதலில் மெரந்தியில்தான் கட்டினேன். இரண்டாம் மாதம் ஒரு பிடியை மாற்றப் போனால், போல்ட்டோடு டீ-நட்டும் சேர்ந்து சுற்றுகிறது. கழற்றவும் வழியில்லை, இறுக்கவும் வழியில்லை. பலகையை அறுத்துப் பார்த்தேன். நட்டின் பல் இறங்கிய இடத்தில், உள்ளடுக்கில் சுண்டுவிரல் அகலத்துக்கு இடைவெளி! கடிக்க மரமே இல்லை.

ஈரக்காற்று:
தம்பி, அது மெரந்தியின் குற்றமில்லை, மட்டரகப் பலகையின் குற்றம். பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரத்தில் செய்த மரீன் பிளைவுட்டில் உள்ளிடைவெளிக்குக் கட்டுப்பாடு உண்டு, பசையும் தண்ணீரைத் தாங்கும்.

பர்ச் பூஞ்சைக்குச் சீக்கிரம் இரையாகும் மரம். நான் பட்டதைச் சொல்கிறேன். முன்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்தேன், சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றோட்டம் இல்லை. டிசம்பர் மழை முடிந்து பின்னால் கை வைத்தால் மாவு மாதிரி ஒட்டியது, பலகை முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. பிள்ளை மூச்சு விடும் அறை அது! எடையையும் பாருங்கள்: முழுப் பர்ச் பலகை ஏறக்குறைய 36 கிலோ, மெரந்தி 30 பக்கம். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து முடுக்கும்போது அந்த ஆறு கிலோ தெரியும்.

தச்சன்மகன்:
பூஞ்சை பிடித்தது பின்பக்கம் வார்னிஷ் அடிக்காததால், அக்கா. அந்த ஈரத்தில் மெரந்தியும் பூத்திருக்கும். இன்னொன்று, 'மரீன்' என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதுமா? என் பலகையையும் அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். தர எண் முத்திரை எதுவும் அதில் இல்லை.

ஈரக்காற்று:
முத்திரை இல்லாததை மரீன் என்று நம்பி வாங்கக் கூடாது, சரி. முத்திரை இருந்தால் என் ஓட்டு மரீனுக்குத்தான்.

தெம்பனிஸ்வாசி:
சனிக்கிழமை பலகை வாங்கச் சுங்கை காடூட் மரக்கடைகள் பக்கம் போகிறேன். முழுப் பலகை எங்கள் மின்தூக்கியில் நுழையாது. கடையிலேயே பாதியாக அறுத்து வாங்கினால் பலம் குறையுமா?

தச்சன்மகன்:
இணைப்பு சட்டத்தின் மேல் உட்கார்ந்தால் குறையாது. அறுப்பது நல்லதும்கூட, உள்ளடுக்கு கண்ணுக்குத் தெரியும். முதல் பலகையை அறுத்ததும் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். இடைவெளி இருந்தால் மற்றதை அறுக்க விடாதீர்கள், பர்ச்சானாலும் சரி, மரீனானாலும் சரி.

ஈரக்காற்று:
இதில் தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. துளை போட்டதும் இரண்டு பக்கமும், விளிம்பிலும், துளைக்குள்ளும் வார்னிஷ் அடியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே டீ-நட். பலகைக்குப் பின்னால் ஒரு ஆள் நுழையும் இடம் விடுங்கள்.