பேஸ் அடிக்கும்போது ஆம்ப் தானாக நின்றுவிடுகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

பேஸ்பிரியன்:

சந்தேகம் என்பதைவிடப் புலம்பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கார் டிக்கியில் ஒரு மோனோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), கிளாஸ் டி, 2 ஓம்ஸில் 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் பவர்). அதில் ஒரே ஒரு 12 அங்குல சப்வூஃபர் (பேஸுக்கான ஸ்பீக்கர்). 4 ஓம்ஸ் இரட்டை வாய்ஸ் காயில், இரண்டையும் பேரலலாகக் கொடுத்து 2 ஓம்ஸில் ஓட்டுகிறேன். ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. இப்போது இரண்டு வாரமாக, சத்தம் குறைவாக வைத்தால் மணிக்கணக்கில் பாடுகிறது, கொஞ்சம் ஏற்றினால் பேஸ் விழுகிற இடத்தில் டப்பென்று நின்று சிவப்பு விளக்கு எரிகிறது, மூன்று நான்கு நொடியில் தானே பச்சைக்கு வந்து பாடுகிறது, அடுத்த அடியில் மறுபடி போய்விடுகிறது.

நானே பார்த்தது: இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், ஆம்ப் முனையில் 14.0. அதனால் கரண்ட் பக்கம் குறை இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி ஓம்ஸ் பார்த்தால் 1.8 தான் காட்டுகிறது. 2-க்குக் கீழே இறங்கிவிட்டதே, காயில் கருகிவிட்டதா? பொருத்திக் கொடுத்தவரைக் கேட்டால் "போர்டு போயிருக்கும், புதுசு போட்டுடலாம்" என்கிறார். அதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

சத்தக்காரன்:

ஆம்ப்பில் கெயின் (உள்ளே வரும் சிக்னலைக் கூட்டிக் குறைக்கும் திருகு) அதிகமாக இருக்கும் நண்பா. பாதிக்குக் குறைத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு கெபாசிட்டர் வாங்கிப் போடுங்கள், எனக்கு அதில் சரியானது.

கம்பிமாமா:

தம்பி, எதுவும் வாங்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அந்த 1.8. அது சரியான அளவுதான். மல்டிமீட்டர் காட்டுவது காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ், பெட்டியில் போட்டிருப்பது இம்பீடன்ஸ், அதாவது பாட்டு ஓடும்போது காயில் காட்டும் மொத்த எதிர்ப்பு. 4 ஓம்ஸ் காயிலை மீட்டரில் பார்த்தால் 3.5, 3.6 என்றுதான் வரும், இரண்டு சேர்ந்தால் 1.8. கருகிய காயில் ஒன்று திறந்துபோய் இரண்டு மடங்கு காட்டும், இல்லை உள்ளே ஒட்டிக்கொண்டு ரொம்பக் கீழே இறங்கும். கூம்பைக் கையால் மெதுவாக உள்ளே அமுக்கிப் பாருங்கள், கரகரவென்று உரசாமல் போய் வந்தால் அந்த சப் நன்றாக இருக்கிறது.

இரண்டாவது, போர்டு போன ஆம்ப் பெரும்பாலும் இப்படி நல்லபிள்ளையாக மூன்று நொடியில் திரும்பி வராது. போட்டவுடனே சிவப்பு, ஸ்பீக்கரைக் கழற்றினாலும் சிவப்பு, ஸ்டீரியோவிலிருந்து பாட்டு வரும் ஆர்சிஏ ஒயரை உருவினாலும் சிவப்பு என்றால்தான் உள்ளே சந்தேகப்பட வேண்டும். சூடேறி நின்றால் ஆற நிமிடக்கணக்கில் ஆகும், மேலே கை வைத்தால் தெரிந்துவிடும். சத்தம் ஏற்றினால் மட்டும் பேஸ் அடிக்கு நின்று, உடனே வருவது வோல்ட் விழுகிற ஆம்ப் செய்கிற வேலை. பல ஆம்ப்கள் 10 வோல்ட்டை ஒட்டி இறங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்.

14.0 பார்த்தேன் என்கிறீர்கள். எப்போது பார்த்தீர்கள்? பாட்டு ஓடும்போதா, சும்மா இருக்கும்போதா?

பேஸ்பிரியன்:

சும்மா இருக்கும்போதுதான் அண்ணா. பாட்டு போட்டால் எண் தாவிக்கொண்டே இருந்தது, அதனால் நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

கம்பிமாமா:

அங்கேதான் ஏமாந்தீர்கள். கரண்ட் ஓடாத வயரில் வோல்ட் விழாது. ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 14 காட்டும். உங்கள் ஆம்ப் முழு மூச்சில் 45 ஆம்பியர் பக்கம் இழுக்கும் (500 வாட்டை 80 சதவீதத் திறனுக்கும் 13.5 வோல்ட்டுக்கும் கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும்). வழியில் எங்காவது 0.05 ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒளிந்திருந்தால் போதும், 2 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே காணாமல் போகும். அந்த 0.05-ஐ ஓம்ஸில் வைத்துக் கண்டுபிடிக்க நம் கையில் இருக்கும் மீட்டரால் முடியாது, மீட்டரின் ஒயரே அதைவிட அதிகம் காட்டும். அதனால் ஓம்ஸை விட்டுவிட்டு வோல்ட்டில் வைத்து, கரண்ட் ஓடும்போது பார்க்க வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். 50 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், எண் தாவாமல் நிற்கும். இன்ஜினை ஓடவிட்டு, ஆம்ப் நிற்பதற்குச் சற்று முன்னால் வரை சத்தத்தை ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம், டோன் காயிலைச் சுட்டுவிடும், காதையும்தான். அந்த ஐந்து நொடியில் ஒவ்வொன்றாக: பேட்டரியின் இரண்டு முனையில், அப்புறம் ஆம்ப்பின் பிளஸ்–எர்த் முனையில் (எர்த் என்றால் கார் தகட்டோடு சேர்த்த மைனஸ்). அதற்குப் பிறகு நீளமான ஒயர் ஒன்று எடுத்து மீட்டரோடு சேர்த்து, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஆம்ப் பிளஸ்ஸுக்கு ஒரு அளவு, ஆம்ப் எர்த்திலிருந்து பேட்டரி மைனஸுக்கு ஒரு அளவு. இந்தக் கடைசி இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

கெபாசிட்டர் பற்றி ஒரு வார்த்தை, சத்தக்காரன் கோபித்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு நொடிக்கும் குறைவான அடியைத் தாங்கும். வழியில் அடைப்பை வைத்துக்கொண்டு கெபாசிட்டர் போடுவது, குழாய் அடைத்திருக்க வாளி வாங்குகிற கதை.

புதுஸ்டீரியோ:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினை. ஆம்ப் நின்றுவிடுகிறது, ஆனால் எனக்கு சிவப்பும் எரியாது, பச்சையும் எரியாது, எல்லாமே அணைந்துவிடும். ரேடியோவில் நன்றாகப் பாடுகிறது, புளூடூத் மாற்றினால் போய்விடுகிறது.

கம்பிமாமா:

இது வேறு நோய். விளக்கே இல்லையென்றால் ஆம்ப்பைப் போடச் சொல்லும் 12 வோல்ட் வரவில்லை. ஸ்டீரியோவின் பின்னால் பாருங்கள், வெறும் நீல ஒயரில் அந்த ரிமோட் இணைப்பைக் கொடுத்திருப்பார்கள். அது பவர் ஆன்டெனாவுக்கானது, பல ஸ்டீரியோவில் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் 12 வோல்ட் தரும். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர்தான் ஆம்ப்புக்கு. மாற்றிக் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை.

புதுஸ்டீரியோ:

அய்யோ, அதேதான்! ஒரு மாதமாக ரேடியோவையே கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றி அண்ணா.

பேஸ்பிரியன்:

அண்ணா, அளந்துவிட்டேன். மனைவியை ஸ்டீரியோ பக்கம் உட்காரவைத்து "ஏற்று, இறக்கு" என்று கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

டோன் ஓடும்போது பேட்டரியில் 13.5. ஆம்ப் முனையில் 10.5! இன்னும் கொஞ்சம் ஏற்றினால் நின்றுவிடுகிறது. பிளஸ் பக்கம் 1.1 வோல்ட் விழுகிறது, எர்த் பக்கம் 1.9. இரண்டு பக்கமும் போகிறதே, வயரே சரியில்லையா? உறையில் 4 கேஜ் (ஒயரின் கனம்) என்று போட்டிருக்கிறது.

கம்பிமாமா:

கணக்குக் கச்சிதமாக இருக்கிறது பாருங்கள், 13.5-இல் 3 போனால் 10.5. மீட்டர் பொய் சொல்லவில்லை.

பெரிய திருடனிடமிருந்து ஆரம்பிப்போம். எர்த்தை எங்கே கொடுத்திருக்கிறது? நான் பந்தயம் கட்டுகிறேன், பின் சீட் பெல்ட் போல்ட்.

பேஸ்பிரியன்:

எப்படித் தெரியும்?! ஆமாம், சீட் பெல்ட் போல்ட்டில்தான்.

கம்பிமாமா:

கையில் கிடைக்கிற முதல் போல்ட் அது, அதனால்தான். அதன் மரையில் கழன்றுவிடாமல் இருக்கப் பசை தடவியிருப்பார்கள், சுற்றிலும் பெயிண்ட், போதாததற்கு ஆளின் உயிரைப் பிடிக்கிற போல்ட். அதற்குக் கீழே லக்கை (ஒயர் நுனியில் இருக்கும் வளைய முனை) செருகுவதே தப்பு. கழற்றி லக்கை எடுத்துவிட்டு, போல்ட்டைப் பழையபடி முழு இறுக்கத்தில் பூட்டிவிடுங்கள்.

புது எர்த்துக்கு, ஆம்ப்பிலிருந்து முக்கால் மீட்டருக்குள் கனமான தகடு தேடுங்கள். துளை போடுவதற்கு முன் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள், பெட்ரோல் டேங்கோ பிரேக் குழாயோ அந்த இடத்தில் இருந்தால் துளை வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளைத் தகடு பளபளவென்று தெரிய வேண்டும். லக், பல் வாஷர், போல்ட், பின்னால் நட். பூட்டி முடித்த பிறகு மேலே பெயிண்டோ கிரீஸோ தடவுங்கள், முன்னால் தடவினால் வேலை வீண். வேலை தொடங்கும்போதே பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள், மறக்காமல்.

ஒயர் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று நுனியில் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம், அதே கனத்தில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ரெசிஸ்டன்ஸ். ஆனால் ஒயர் மட்டுமே 1.1 தின்னாது. பிளஸ்ஸில் ஃப்யூஸ் ஹோல்டரின் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

பேஸ்பிரியன்:

எர்த் மாற்றியாயிற்று. பழைய லக்கைக் கழற்றியபோது அடியில் பெயிண்ட் அப்படியே இருந்தது. நகம் அகலத்துக்கு ஒரு பிறை மாதிரி மட்டும் தகடு தெரிந்தது, அதுவும் செம்பழுப்பாகத் துரு ஏறி, விரலால் தேய்த்தால் பொடியாக வந்தது. அந்தப் பிறை வழியாகத்தான் இத்தனை மாதமும் 40 ஆம்பியர் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இப்போது எர்த் பக்கம் 0.1 தான். ஆம்ப் முனையில் 12.3 நிற்கிறது, நிற்காமல் பாடுகிறது.

ஆனால் ஃப்யூஸ் ஹோல்டரின் குறுக்கே 0.8 காட்டுகிறது. டோன் நின்றதும் தொட்டுப் பார்த்தேன், விரலை எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு.

கம்பிமாமா:

0.8 வோல்ட்டை 40 ஆம்பியரால் பெருக்கினால் 32 வாட். ஒரு சிறிய சால்டரிங் இரும்பை பானட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்கள். ஆம்ப் பாடுகிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள், தீப்பிடிக்கிற இடம் இதுதான். ஃப்யூஸும் காப்பாற்றாது, ஏனென்றால் ஆம்பியர் கூடவில்லை, இணைப்புதான் சுடுகிறது.

பேஸ்பிரியன்:

ஹோல்டரைத் திறந்தேன். கண்ணாடி மாதிரி இருந்த மூடி ஒரு பக்கம் டீ நிறத்துக்கு வந்திருக்கிறது. அந்தப் பக்கத்து ஸ்க்ரூவை அல்லன் சாவி வைத்தால் முழுசாக ஒரு சுற்றுச் சுற்றுகிறது, அவ்வளவு தளர்வு. ஒயர் இழைகளில் பாதி ஸ்க்ரூவுக்கு வெளியே வளைந்து நிற்கிறது, சுரண்டினால் வெள்ளை, நீங்கள் சொன்ன அலுமினியம்தான்.

கம்பிமாமா:

அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகிக்கொடுக்கும், அதனால்தான் ஏழெட்டு மாதம் ஓடிவிட்டு இப்போது தொந்தரவு. ஹோல்டரை மாற்றுங்கள், ஒயர் நுனியில் ஃபெர்ரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழல்) போட்டு நசுக்கிப் பூட்டுங்கள். ஹோல்டர் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். முடிந்தால் முழுச் செம்பு ஒயராக மாற்றுவது நல்லது, இல்லையென்றால் மாதம் ஒரு தடவை இறுக்கிப் பார்க்கிற பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்பிரியன்:

செம்பு ஒயரே இழுத்துவிட்டேன், புது ஹோல்டர், ஃபெர்ரூல் எல்லாம் போட்டு. ஒயருக்காக டேஷ்போர்டு ஓர உறையைக் கழற்றியதில் ஒரு கிளிப் உடைந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது டோன் ஓடும்போது பேட்டரி 13.5, ஆம்ப் 13.1. நேற்று ஒன்றரை மணி நேரம் முழுச் சத்தத்தில் ஓட்டினேன், ஒரு தடவைகூட சிவப்பு வரவில்லை. போர்டு போய்விட்டது என்று சொன்னவருக்கு போன் போட்டுச் சொன்னேன், "அப்படியா, நல்லது" என்று வைத்துவிட்டார்.

சத்தக்காரன்:

எர்த் எனக்கும் சீட் பெல்ட் போல்ட்டில்தான் இருக்கிறது. நாளைக்குக் காலையில் மீட்டரோடு டிக்கியில் இறங்குகிறேன்.