கோர்ட்டுல சார்ஜ் பண்றதுக்கு முன்னாடி லோயர் வெக்கிறவன் தப்பு செஞ்சவனா?

ஜார்ஜ்டவுன் மல்லிகா:
ரெண்டு நாளா ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு எல்லாக் குழுவுலயும் சுத்துது. பேசறவர் பேரு சொல்லல. "சார்ஜ் பண்ற (கோர்ட்டுல குற்றம் சாட்டுற) வரைக்கும் லோயருக்குக் காசு குடுக்காதீங்க. தப்பு செஞ்சவன்தான் பாலாய்க்கு (போலீஸ் ஸ்டேஷனுக்கு) லோயரோட போவான். போய் உண்மையைச் சொல்லுங்க, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க"ன்னு அறிவுரை. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சது. நான் பினாங்குல ஒரு லோயர் ஆபீஸ்ல கிளார்க். சார்ஜ் பண்ண பிறகு அழுதுகிட்டு ஓடி வர்ற அம்மாக்களைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சவள். அவங்க வரும்போது ரிமாண்டு (விசாரணைக் காவல்) முடிஞ்சிருக்கும், வாக்குமூலத்துல கையெழுத்து போட்டாச்சு, பையன் அந்த நேரம் கடையில இருந்தான்னு காட்டக்கூடிய சிசிடிவி பதிவு அழிஞ்சிருக்கும். லோயர் வேண்டியது அதுக்கு முன்னாடி. இந்தப் பதிவை அனுப்பினவங்க தயவுசெய்து அழிச்சிடுங்க.

பிறை சார்ஜன்:
அந்தக் குரல் நான் இல்லை. ஆனா சொன்னதுல தப்பு இல்லை. காக்கிச்சட்டையிலயே முடி நரைச்சவன் சொல்றேன், கேட்டுக்கோங்க. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 112-ல வாக்குமூலம் எடுக்கும்போது லோயர் உள்ளே உட்கார முடியாது. ஐஓ (விசாரணை அதிகாரி) கேட்பார், நீங்க பதில் சொல்லுவீங்க, அவ்வளவுதான். வெளிய பெஞ்சுல உட்கார்ந்து கோப்பி குடிக்கிறதுக்கா ஆயிரக்கணக்குல வெள்ளி (ரிங்கிட்)?

செந்தூல் குமரன்:
அங்கிள், உங்களை மாதிரி ஒருத்தர் பேச்சைக் கேட்டுத்தான் என் சித்தி மகன் போனான். பார்ட் டைம் வேலைன்னு நம்பி ஏடிஎம் கார்டை ஒருத்தன்கிட்ட குடுத்திருந்தான். கணக்குல யார் யாரோ ஏமாந்த காசு வந்து போயிருக்கு. "உண்மையைச் சொல்லு, சாட்சியா வெச்சுக்குவாங்க"ன்னாரு அந்தப் பெரிய மனுஷன். இவன் எல்லாத்தையும் சொன்னான். வீட்டுக்கு வரல. அங்கேயே பிடிச்சு வெச்சுட்டாங்க.

பிறை சார்ஜன்:
கார்டைக் குடுத்தது அவன். லோயர் வந்திருந்தா குடுக்காம போயிருப்பானா? என் கேள்வி அப்படியே நிக்குது. உள்ளே உட்கார முடியுமா?

ஜார்ஜ்டவுன் மல்லிகா:
சார்ஜன் அண்ணே, வாக்குமூலம் எடுக்கிற ஒரு மணி நேரம்தான் விசாரணைன்னு நினைக்கிறீங்களா?

குமரன் தம்பி சொன்னதையே எடுத்துக்குவோம். தண்டனைச் சட்டம் 420, அதாவது மோசடிக் குற்றம், போட்டாங்கன்னா 1 வருஷத்துல இருந்து 10 வருஷம் வரைக்கும் ஜெயில், பிரம்படி, அபராதம். 14 வருஷத்துக்குக் குறைஞ்ச தண்டனைங்கிறதால மாஜிஸ்திரேட் முதல் தடவை 4 நாளுக்கு மேல ரிமாண்டு குடுக்க முடியாது, ரெண்டாவது தடவை 3 நாள். 14 வருஷமோ அதுக்கு மேலயோ, இல்ல தூக்குன்னா 7-ம் 7-ம். ஐஓ கேட்டதை அப்படியே குடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. நீங்க சொன்ன அதே நடைமுறைச் சட்டத்துல 117(5) என்ன சொல்லுது? எத்தனை நாள்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பிடிபட்டவர் சொல்றதையோ அவரோட லோயர் சொல்றதையோ மாஜிஸ்திரேட் கேட்டே ஆகணும். லொக்காப் சட்டையோட, தூக்கம் இல்லாம, மலாய்ல தடுமாறுற பையன் அங்க தனியா என்ன பேசுவான்? பிடிச்ச 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட்கிட்ட கொண்டு போயிடுவாங்க. விடியக்காலை போன் அடிச்சா எந்த லோயர் ஓடி வருவார்? முன்னாடியே பேசி வெச்ச லோயர் வருவார்.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. லோயர் ஐஓவுக்குப் போன் போட்டு, இவரைச் சாட்சியா கூப்பிடுறீங்களா, சந்தேகப்பட்டுக் கூப்பிடுறீங்களான்னு கேட்பார். என்னைக்கு, எத்தனை மணிக்கு வரணும்னு பேசி, அவரே கூட்டிக்கிட்டு வருவார். ஓடி ஒளியலைன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

கேஎல் வாசு:
பாஸ், உள்ளே வெளியே விடுங்க. அரசியலமைப்பு 5(3) பேசறது கைதானவரைப் பத்தி. கைதுக்கு முன்னாடி லோயர் வெக்கிற உரிமை எங்க எழுதியிருக்கு? காட்டுங்க.

ஜார்ஜ்டவுன் மல்லிகா:
டாக்டர்கிட்ட போகலாம்னு எங்க எழுதியிருக்கு வாசு? லோயர்கிட்ட ஆலோசனை கேட்க யாரோட அனுமதியும் வேண்டாம்.

பிறை சார்ஜன்:
கைதான பிறகும் உடனே கேட்க முடியாது. 1975-ல ஊய் ஆ புவா கேஸ்ல பெடரல் கோர்ட்டே சொல்லிடுச்சு. உரிமை கைதுல இருந்து ஆரம்பிக்குது, ஆனா பிடிச்ச உடனே லோயரைக் காட்டுன்னு கேட்க முடியாது, விசாரணைக்கு இடைஞ்சல் வரக்கூடாது. நாங்களும் படிச்சவங்கதான் தங்கச்சி.

ஜார்ஜ்டவுன் மல்லிகா:
படிச்சதை 1975-லயே நிறுத்திட்டீங்க அண்ணே. அதே நடைமுறைச் சட்டத்துல 28ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது 2007. கைதானவரைக் கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடி, குடும்பத்துக்கும் லோயருக்கும் தகவல் சொல்லலாம்னு போலீஸ்தான் வாய் திறந்து சொல்லணும். லோயர் வர்றதுக்கு நியாயமான நேரம் குடுத்து விசாரணையைத் தள்ளி வெக்கணும். போலீஸ் கண்ணுக்குத் தெரியற இடத்துல, காதுல விழாம ரெண்டு பேரும் பேசலாம். கூட்டாளி தப்பிச்சிடுவான், ஆதாரம் அழிஞ்சிடும்னு காரணம் காட்டி மறுக்கணும்னா டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரி அனுமதிக்கணும், காரணத்தை எழுதி வெக்கணும். சார்ஜன் நினைச்சா மறுக்க முடியாது.

பிறை சார்ஜன்:
சார்ஜன்னு இளக்காரமா? பதவியைக் குத்திப் பேசறவங்ககிட்ட எனக்குப் பேச்சு இல்லை. தைப்பூசத்துக்குத் தங்க ரதமா வெள்ளி ரதமான்னு பேசினப்பவும் இப்படித்தான் ஆளைக் குத்தினீங்க. நான் மறக்கல.

கேஎல் வாசு:
வந்துடுச்சு ரதம். பினாங்கு ஆளுங்க எதைப் பேசினாலும் அங்கதான் போய் நிக்கும்.

பிறை சார்ஜன்:
கேஎல் ஆளுங்க மட்டும்? ஒரு போன் பேசறதுக்கும் பில் போடற லோயரை வெச்சுக்கிட்டுப் பெருமை.

கேஎல் வாசு:
அதைத்தான் நானும் கேட்கிறேன். காசு இருக்கிறவன் முன்னாடியே லோயர் வெக்கட்டும். பிளாட் வீட்டுக்கு வாடகை கட்ட முடியாதவன்?

ஜார்ஜ்டவுன் மல்லிகா:
தேசிய சட்ட உதவி அறக்கட்டளைன்னு ஒண்ணு இருக்கு. ஒய்பிஜிகேன்னு கேட்டா தெரியும். 2012-ல இருந்து மலேசியக் குடிமக்களுக்குக் கைது, ரிமாண்டு கட்டத்துலயே லோயர் குடுக்கிறாங்க. அந்தக் குரல்பதிவுல இதைச் சொன்னாரா? இல்லை. காசு குடுக்காதீங்கன்னு மட்டும் சொன்னார். ஏழை வீட்டுப் பிள்ளைங்கதான் இதைக் கேட்டுட்டுத் தனியா போறாங்க, என் கோபமே அதான்.

செந்தூல் குமரன்:
என் சித்திகிட்ட யாரும் சொல்லல அக்கா.

பிறை சார்ஜன்:
சரி, அதே சட்டத்துல 113 இருக்கே! போலீஸ்கிட்ட சொன்ன வாக்குமூலத்தைக் கோர்ட்டுல அவனுக்கு எதிரா ஆதாரமா வெக்க முடியாது. அப்புறம் என்ன பயம்? லோயர் எதுக்கு?

ஜார்ஜ்டவுன் மல்லிகா:
பாதியைச் சொல்றீங்க. நீங்க குடுத்த தகவலை வெச்சு ஒரு பொருளைக் கண்டெடுத்தா, சாட்சியச் சட்டம் 27-ல அந்தத் தகவல் கோர்ட்டுக்கு வரும். எம்ஏசிசி (ஊழல் தடுப்பு ஆணையம்) விசாரணைன்னா சட்டமே வேற, அங்க சொன்னதை வெக்க முடியும்.

112-க்கே வர்றேன், உங்களுக்குப் பிடிச்ச பிரிவு. கேட்டதுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும், ஆனா தன் மேலயே குற்றம் விழக்கூடிய கேள்விக்கு மறுக்கலாம். இதை அதிகாரி முதல்லயே சொல்லணும். எழுதினதை, எந்த மொழியில சொன்னாரோ அந்த மொழியிலயே படிச்சுக் காட்டணும். திருத்தணும்னா திருத்த விடணும். அதுக்கப்புறம்தான் கையெழுத்து. எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்ல சொல்லி, மலாய்ல எழுதினதை வாசிக்கத் தெரியாம கையெழுத்து போட்ட பாட்டியை எனக்குத் தெரியும். "படிச்சுக் காட்டச் சொல்லலாமா? கோவிச்சுக்க மாட்டாங்களா?"ன்னு என்கிட்ட கேட்டாங்க. உங்க அம்மாவா இருந்தா தனியா அனுப்புவீங்களா அண்ணே? முதல் நாளே ஒரு லோயர் பக்கத்துல உட்கார்ந்து இதெல்லாம் சொல்லிக் குடுத்து அனுப்பியிருந்தா, அந்தப் பாட்டி கேட்டிருப்பாங்க. லோயர் அறைக்குள்ள இருக்க வேண்டியதே இல்லை.

பிறை சார்ஜன்:
ஆக, உள்ளே உட்கார முடியாதுன்னு ஒத்துக்கிட்டீங்க.

ஜார்ஜ்டவுன் மல்லிகா:
எங்க ஒத்துக்கிட்டேன்? லோயர் வரலாம்னோ கூடாதுன்னோ 112-ல ஒரு வார்த்தை கிடையாது. விடறதும் விடாததும் ஐஓ கையில. எங்க ஆபீஸ் லோயர் உள்ளே உட்கார்ந்திருக்கார், வெளியேயும் நின்னிருக்கார்.

பிறை சார்ஜன்:
என் காலத்துல ஒருத்தனையும் உள்ளே விட்டதில்லை.

செந்தூல் குமரன்:
அதைப் பெருமையா வேற சொல்றீங்க.

பிறை சார்ஜன்:
தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு உன் வீட்டுல திருடன் புகுந்தா லோயருக்கா போன் போடுவே? போலீஸைத் திட்டறதுக்கு முன்னாடி உன் சித்தி மகன் கார்டை யார்கிட்ட குடுத்தான்னு கேளு.

கேஎல் வாசு:
கைதுக்கு முன்னாடி உரிமை எங்க எழுதியிருக்குன்னு கேட்டேன். டாக்டர் கதைதான் வந்துச்சு.

ஜார்ஜ்டவுன் மல்லிகா:
அதான் பதில் வாசு, பிடிக்கலைன்னா நான் என்ன செய்யறது. அண்ணே, 117(5)-க்கு நீங்க ஒரு வரி கூட எழுதல. நாளைக்குக் காலையில ஒரு ரிமாண்டு இருக்கு, லோயருக்கு இப்பவே பேப்பர் எடுத்து வெக்கணும். குமரன் தம்பி, சித்தியை எனக்குத் தனியா எழுதச் சொல்லுங்க. இன்னும் சார்ஜ் பண்ணலைன்னா இன்னைக்கே எழுதச் சொல்லுங்க, திங்கக்கிழமை வரைக்கும் வெச்சிருக்க வேண்டாம்.

பிறை சார்ஜன்:
போங்க போங்க. ரிமாண்டு கோர்ட்டுல யார் வேணா பேசலாம், அதை நான் மறுக்கவே இல்லை. நான் கேட்டது 112. அந்த அறையைப் பத்தி.