கடைசியில் முகமூடியைக் கழற்றிக் கெஞ்சுவது நார்மனா, கோப்ளினா?

இரண்டாம்ஆட்டம்:
வணக்கம். 2002-ல் வந்த சாம் ரைமியின் ஸ்பைடர்மேனைத் தங்கையோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். படம் முடிந்ததும் ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பாழடைந்த கட்டடத்தில் நடக்கும் கடைசிச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பைடர்மேனான பீட்டரின் அடி தாங்காமல் வில்லன் கிரீன் கோப்ளின் "நிறுத்து, நான்தான்" என்று முகமூடியைக் கழற்றுகிறான். உள்ளே இருப்பது நண்பன் ஹாரியின் அப்பா, நார்மன் ஆஸ்பார்ன். கொலை எல்லாம் கோப்ளின் செய்தது, எனக்குச் சம்பந்தமில்லை, மறுபடியும் அவன் கையில் என்னை விட்டுவிடாதே, உனக்கு ஓர் அப்பா மாதிரி இருந்தேனே என்று கெஞ்சுகிறார். அதே நேரம் பீட்டரின் முதுகுக்குப் பின்னால் அந்தப் பறக்கும் கிளைடர் சத்தமில்லாமல் எழும்புகிறது.

கெஞ்சியது நார்மன், கிளைடரைக் கிளப்பியது கோப்ளின், ஓர் உடம்பில் இருவரும் ஒரே சமயத்தில் இருந்தார்கள் என்கிறாள் தங்கை. நார்மன் பாவம் என்று கண் கலங்குகிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே நார்மனே இல்லை, கோப்ளின் நார்மனைப் போல நடிக்கிறான், அவ்வளவுதான். யார் சொல்வது சரி?

சுண்டியகாசு:
நீங்கள் சொல்வதுதான் சரி. ஒரு வில்லன் இரண்டாகப் பிரிந்ததை ஒழுங்காகக் காட்டிய படம் 2008-ல் வந்த பேட்மேன் படமான தி டார்க் நைட். அதில் அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட்டின் நாணயத்துக்கு இரண்டு பக்கமும் தலை. அவன் காதலி ரேச்சல் இறந்த வெடிப்பில் நாணயத்தின் ஒரு பக்கம் கருகிப்போகிறது. அதற்கு அப்புறம்தான் அவன் உண்மையாகவே சுண்டிப் பார்த்து முடிவெடுக்கிறான். அங்கே குழப்பமே கிடையாது. கோப்ளின் விஷயத்தில் இயக்குநர் பார்வையாளரை ஏமாற்றுகிறார்.

ஒப்பனைஅறை:
ஏமாற்றவில்லை. நான் மேடை நாடகக்காரன், சினிமா என் தொழில் இல்லை. ஆனால் இந்தப் படத்தின் கண்ணாடிக் காட்சியை எங்கள் பயிற்சியில் புதிதாக வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டாமல் இருந்ததில்லை. தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் காட்சியில் இருக்கிறது, கடைசிச் சண்டையில் இல்லை.

நார்மன் செய்தித்தாளோடு தன் வீட்டில் நிற்கிறார். சுவரெல்லாம் அவர் சேகரித்த முகமூடிகள். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு. யார் என்று கேட்டபடி தேடிக்கொண்டே வந்து கண்ணாடி முன்னால் நிற்கிறார். கண்ணாடிக்குள் அவரே, ஆனால் வேறு ஆள். நார்மனாக நடித்த வில்லெம் டஃபோ இதற்கு ஒட்டு மூக்கோ வண்ணமோ எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. நார்மனாக இருக்கும்போது வாய் தளர்ந்து, பார்வை நிலைகொள்ளாமல், மூச்சு மேலே மேலே வாங்குகிறது. கோப்ளினாக மாறினால் பல் தெரிகிறது, புருவம் ஏறுகிறது, குரல் தொண்டையின் அடிக்கு இறங்கிக் கரகரக்கிறது. இவர் நியூயார்க்கில் வூஸ்டர் குரூப் என்ற சோதனை நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், பல வருஷம் அங்கேயே கிடந்து உழைத்தவர். அந்தப் பழக்கம் அந்த முகத்தில் தெரிகிறது. படத்தின் பாதி நேரம் அசையாத ஒரு முகமூடிக்குள் அவரை அடைத்துவிட்டார்களே என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம் உண்டு.

சரி, அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். என் நிறுவனத்தின் இயக்குநர் குழுவைக் கொன்றது நீதான் என்கிறார் நார்மன். "நாம்" என்று திருத்துகிறது கண்ணாடி. நீ சொல்லத் தயங்குவதைச் சொல்லவும், உன்னால் முடியாததைச் செய்யவும், உன் வழியில் நிற்பவர்களை அகற்றவும் வந்திருக்கிறேன் என்கிறது. அப்போது நார்மன் என்ன செய்கிறார்? போலீசுக்குப் போகவில்லை. மருத்துவரைத் தேடவில்லை. கண்ணாடியை உடைக்கக்கூட இல்லை. இந்த வேலையை நடிகனிடம் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் பயத்தை மட்டும் நடிப்பார்கள். டஃபோவின் முகத்தில் பயத்துக்கு அடியில் ஓர் ஆறுதலும் வருகிறது. தன்னை வெளியே தள்ளியவர்கள் ஒழிந்தார்கள் என்ற ஆறுதல். அந்த ஒரு கணம்தான் எனக்கு இந்தப் படம்.

இன்னும் பின்னால் போங்கள். ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி ஸ்ட்ரோம் எச்சரிக்கிறார்: ராணுவத்துக்காக உருவாக்கிய, உடல் பலத்தைக் கூட்டும் வாயு மருந்தைக் கொடுத்த சோதனை ஒன்றில் வன்முறையும் பைத்தியமும் வந்தது என்று. ராணுவ ஒப்பந்தம் கைநழுவக்கூடாது என்று நார்மன் தன் உடம்பிலேயே அந்த வாயுவைச் செலுத்திக்கொள்கிறார். அந்த முடிவை எடுத்தபோது கோப்ளின் பிறக்கவே இல்லையே! அவசரமும் அகங்காரமும் முழுக்க நார்மனுடையவை. எழுந்ததும் முதலில் சாவது எச்சரித்த அதே ஸ்ட்ரோம். அதற்கப்புறம் கோப்ளின் யாரைக் கொல்கிறான் என்று பாருங்கள்: போட்டி நிறுவனத்தின் சோதனைக் களத்தில் இருந்தவர்கள், பதவியைப் பறித்த இயக்குநர்கள். எல்லாம் நார்மனின் கணக்கிலிருந்த பெயர்கள்.

அதனால் என் பதில், கெஞ்சியதும் நார்மன், கிளைடரைக் கிளப்பியதும் நார்மன். "கோப்ளின் செய்தான்" என்று சொல்லித் தப்பிப்பதற்குத்தான் அவருக்குக் கோப்ளின் தேவைப்பட்டான். ஆனால் உங்கள் தங்கை கலங்கியதைத் தவறென்று சொல்ல மாட்டேன். பீட்டர் விலகிக்கொள்ள, கிளைடர் நார்மன் மேலேயே பாய்ந்த பிறகு, "ஹாரியிடம் சொல்லாதே" என்று கேட்கிறாரே, அந்தக் குரலில் கரகரப்பு துளியும் இல்லை. மகன் மேல் பாசம் பொய்யில்லை. கொலையும் பொய்யில்லை. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்ததுதான் என்னை உலுக்குகிறது.

இரவுப்பணி:
மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இந்த மாதிரிப் படங்களைப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஸ்பிளிட் பர்சனாலிட்டி" என்றாலே கொலைகாரன் என்று வீட்டுக்காரர்களே நம்பி, நோயாளியைப் பக்கத்தில் விட பயப்படுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் வெந்துபோகிறது.

பல ஆளுமைகள் என்று முன்பு அழைத்த நிலைக்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1994-ல் பெயரை மாற்றியது; இப்போது விலகல் அடையாளக் கோளாறு என்கிறார்கள். பெரும்பாலும் சிறுவயதில் தொடர்ந்து பட்ட கொடுமைகளோடு அது தொடர்புடையது. நினைவில் இடைவெளிகள் விழும். இவர்களில் பலர் பிறரைத் தாக்குவதைவிடத் தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்தில் இருப்பவர்கள். ஸ்கிசோஃப்ரினியாவும் இதுவும் ஒன்றில்லை. நிறைய பேர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

நார்மனுக்கு நினைவு இடைவெளி இருப்பதாகப் படம் காட்டுகிறது, சரி. ஆனால் காரணம் ஒரு வாயு. அதை நோயின் சித்திரமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பனைஅறை அண்ணா சொன்னதை நான் ஏற்கிறேன், அதுவும் இந்தக் காரணத்துக்காகவே. பேராசைக்காரர் ஒருவரின் கதையாகப் பார்த்தால் என் நோயாளிகள் மேல் பழி விழாது.

பழையபுத்தகக்கடை:
காமிக்ஸ் பக்கத்திலிருந்து கொஞ்சம். கோப்ளின் முதலில் வந்தது 1964-ல், தி அமேசிங் ஸ்பைடர்மேன் 14-ஆம் இதழில். முகமூடிக்குள் யார் என்று இரண்டு வருஷம் வாசகர்களுக்குத் தெரியாது. 1966-ல் 39-ஆம் இதழில்தான் நார்மன் என்று உடைத்தார்கள். அதற்கு முந்தைய இதழோடு ஓவியர் ஸ்டீவ் டிட்கோ விலக, ஜான் ரொமிட்டா வந்த முதல் இதழ் அது.

முக்கியமான வித்தியாசம், காமிக்ஸில் அடுத்த இதழிலேயே நார்மனுக்கு எல்லாம் மறந்துவிடுகிறது. கோப்ளினாக இருந்ததே தெரியாத நல்ல அப்பாவாக உலவுகிறார். பீட்டருக்கு மட்டும் தெரியும், அவன் யாரிடமும் சொல்வதில்லை. எப்போது நினைவு திரும்புமோ என்று ஒவ்வொரு இதழிலும் திக்திக் என்றிருக்கும். 1971-ல் 96 முதல் 98 வரையான இதழ்களில் திரும்புகிறது. அப்போது ஹாரி போதை மாத்திரைகளால் விழுந்து கிடக்கிறான். போதைப்பொருளைக் காட்டியதால் தணிக்கை முத்திரை இல்லாமலே மார்வெல் வெளியிட்ட இதழ்கள் அவை. அங்கே கோப்ளினை அடித்து வீழ்த்த வேண்டியிருக்கவில்லை. மருத்துவமனைப் படுக்கையில் மகன் கிடப்பதைப் பார்க்கிறான், அப்படியே சுருண்டு விழுகிறான். படத்தில் அந்தக் கடைசி வேண்டுகோளைக் கேட்டபோது எனக்கு இந்தப் பக்கங்கள்தான் நினைவுக்கு வந்தன.

1973-ல் அவன் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியைக் கொன்றதும், அடுத்த இதழிலேயே தன் கிளைடர் பாய்ந்து விழுந்ததும் தனிக்கதை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

இரண்டாம்ஆட்டம்:
அனைவருக்கும் நன்றி. தங்கைக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். இரவுப்பணி அக்கா எழுதியதை அவள் தன் தோழிகளுக்கும் அனுப்பியிருக்கிறாள். ஆனால் அவள் விடுவதாக இல்லை. 2021-ல் வந்த ஸ்பைடர்மேன் படம் நோ வே ஹோமில், வேறோர் உலகத்துக்கு இழுத்துவரப்பட்ட நார்மன், மருந்து செலுத்தியதும் பழைய ஆளாகி, என்ன செய்துவிட்டேன் என்று கலங்குகிறாரே, அப்படியென்றால் கோப்ளின் வேறு ஆள்தானே என்கிறாள். அண்ணா, இதற்கு என்ன சொல்வீர்கள்?

ஒப்பனைஅறை:
நல்ல கேள்வி. அந்தப் படம் நார்மனிடம் கூடுதல் கருணை காட்டுகிறது என்பது உண்மை. தொடக்கத்திலேயே சந்து ஒன்றில் முகமூடியை உடைத்துப் போட்டுவிட்டு, போக்கிடமில்லாமல் பீட்டரின் மே அத்தையின் உதவி மையத்துக்கு வருகிறார். 2002-ல் அவர் ஒருபோதும் உதவி கேட்டுப் போனதில்லை, இங்கே போகிறார். அதனால் இந்த நார்மனுக்காக உங்கள் தங்கையோடு சேர்ந்து நானும் கலங்குவேன். 2002 நார்மனையும் இந்த நார்மனையும் ஒரே ஆள் என்று வைத்து நான் வாதாட மாட்டேன்.

முகமூடி போனதில் எனக்கு இன்னொரு சந்தோஷம். ஓர் அடுக்குமாடி வீட்டில், ஆபத்தை முன்பே உணரும் பீட்டரின் கையில் மயிர் சிலிர்த்து, அறையில் இருக்கும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வருவான். கடைசியில் நார்மனின் முகம் திரும்பும். வெறும் முகம்தான். பழைய படத்தில் கண்ணாடி முன்னால் செய்ததை இங்கே கண்ணாடி இல்லாமலே செய்துவிடுகிறார், அறுபது வயதைத் தாண்டிய பிறகு. சண்டைகளையும் முடிந்தவரை நானே செய்வேன், சும்மா தலைகாட்டிவிட்டுப் போக வரமாட்டேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர்.

தங்கையிடம் இதைக் கேளுங்கள். கடைசியில் அந்தப் படத்தின் நாயகனான இளம் பீட்டர் கிளைடரைத் தூக்கி நார்மனைக் குத்தப் போகும்போது, நடுவில் வந்து தடுப்பது, 2002 படத்தின் உலகத்திலிருந்து வந்த பழைய பீட்டர். நார்மன் செத்ததை நேரில் பார்த்தவன் அவன் ஒருவன்தான். தடுத்ததற்குப் பரிசாக முதுகில் குத்தும் வாங்குகிறான். இருபது வருஷத்துக்கு முன்னால் கெஞ்சியது வெறும் நடிப்பு என்று அவன் நினைத்திருந்தால் குறுக்கே வந்திருப்பானா? அவள் என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.