வீட்டில் திடீர் மரணம்: கொரோனர் என்ன செய்வார்?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டில் ஒருவர் தூக்கத்திலேயே இறந்துவிட்டால் பிரேத பரிசோதனை கட்டாயமா?

பதில் 1: எல்லா மரணத்துக்கும் இல்லை. முதலில் பொலிஸுக்குச் சொல்லுங்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி, அதாவது கொரோனர், உடலைப் பார்த்து வீட்டாரிடம் வாக்குமூலம் எடுப்பார். கிளினிக் கொப்பி, மருந்துச் சீட்டு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். அவர் தேடுவது அவற்றைத்தான். காரணம் பிடிபடாவிட்டால் பிரேத பரிசோதனைக்காக உடலைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார்.

பதில் 2: கொரோனர் பார்க்கும்முன் தயவுசெய்து உடலைக் குளிப்பாட்டவோ எம்பாம் (உடல் கெடாமலிருக்கத் திரவம் ஏற்றுவது) செய்யவோ வேண்டாம். எம்பாம் திரவம் ஏறினால் நஞ்சுப் பரிசோதனை முடிவே குழம்பிவிடும்.

பதில் 3: பொலிஸ் காவலிலோ சிறையிலோ இறந்தால் கொரோனர் போதாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி நீதவானே உடலைப் பார்த்து விசாரிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.