ஆடை வடிவமைப்புப் போட்டி: கறுப்பின வரலாற்றுக்குச் சேலம் வெண்பட்டு பொருந்துமா?

கேள்வி (மாணவி, சேலம்):
அமெரிக்காவில் பிப்ரவரியில் கடைப்பிடிக்கப்படும் கறுப்பின வரலாற்று மாதத்தை ஒட்டி, எங்கள் கல்லூரியில் ஆடை வடிவமைப்புப் போட்டி நடக்கிறது. பலரும் டி-சட்டையில் மார்ட்டின் லூதர் கிங்கின் முகத்தை அச்சிடுகிறார்கள். நான் வெண்பட்டு மேலாடையில் சிவப்பு, கறுப்பு, பச்சைக் கரை வைக்க எண்ணுகிறேன். பொருந்துமா?

பதில் (ஆசிரியர், ஏற்காடு):
பொருந்தும். ஆனால் அந்த நிறங்களை அழகுக்காக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1920இல் கறுப்பின உரிமைத் தலைவர் மார்க்கஸ் கார்வியின் இயக்கம் அவற்றைக் கொடியாக ஏற்றபோது, சிவப்பு சிந்திய இரத்தத்தையும், கறுப்பு மக்களையும், பச்சை ஆப்பிரிக்க மண்ணின் வளத்தையும் குறித்தன. முகங்களைவிடத் தையல்காரர்களைத் தேடுங்கள் என்பேன். பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியின் மனைவி ஜாக்குலினின் 1953ஆம் ஆண்டுத் திருமண உடையை வடிவமைத்த ஆன் லோ ஒரு கறுப்பினப் பெண். திருமணத்துக்குச் சில நாள்களே இருந்தபோது பட்டறையில் தண்ணீர்க் குழாய் உடைந்து உடைகள் பாழாகிவிட, நட்டத்தைத் தாமே ஏற்று மீண்டும் தைத்துக் கொடுத்தார். அன்றைய செய்தித்தாள்களில் அவர் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

பதில் (நெசவாளர், அம்மாப்பேட்டை):
கானாவின் கென்டே துணியையும் பாருங்கள், அம்மா. நம் கோர்வைக் கரை தறியிலேயே துணியின் உடல்பகுதியோடு சேர்ந்து வளரும். கென்டேயோ ஒடுங்கிய பட்டைகளாக நெய்யப்பட்டு, பிறகு பக்கம் பக்கமாக இணைத்துத் தைக்கப்படுவது. ஆகவே மூன்று நிறங்களையும் தனித்தனிப் பட்டைகளாக நெய்து இணைத்தால் அந்த முறைக்கும் மதிப்பளித்ததாகும். ஒன்று மட்டும்: சிவப்பு நூலை முதலில் வெள்ளைத் துணியோடு நனைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டு வெண்பட்டு வேட்டி ஒன்று அப்படித்தான் ரோஜா நிறமாகிப் பெட்டியில் கிடக்கிறது.