ரிங் மாடுலேட்டரில் எதை வாசித்தாலும் தகர டப்பா ஒலிதான் வருகிறது: மற்ற அனலாக் பெடல்களோடு எப்படிச் சேர்ப்பது?

மூன்றாம் ஃபிரெட் கேட்டது:

இரண்டு மாதமாக ஒரு ரிங் மாடுலேட்டர் பெடலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். டையோடு வகை. உள்ளே நான்கு டையோடுகளும் இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்களும் இருக்கின்றன. என் வரிசை இது: கிட்டார், கம்ப்ரசர் (ஒலியளவைச் சமப்படுத்துவது), ஃபஸ் (ஒலியை நொறுக்குவது), ரிங் மாடுலேட்டர், ஃபேசர் (ஒலியை அலைபாய வைப்பது), அனலாக் டிலே (எதிரொலி தருவது), கடைசியில் ஆம்ப். எல்லாப் பெடல்களும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரியும் ஒயரில்தான் ஓடுகின்றன.

சிக்கல் இரண்டு. எந்தக் கார்டைப் பிடித்தாலும் தகர டப்பாவில் கரண்டிகளைப் போட்டுக் குலுக்கியது போலவே கேட்கிறது. நான் வாசித்தது ஈ மைனரா ஜி மேஜரா என்று எனக்கே தெரிவதில்லை. அடுத்தது, கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தாலும் கீச்சென்று ஒரு விசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. டிலேயின் நேரக் குமிழைத் திருப்பினால் அந்த விசிலும் மேலும் கீழும் அலைகிறது. டிலேவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இதே கருவி மணியைப் போலக் கணீரென்று ஒலிப்பதை ஒலிப்பதிவுகளில் கேட்டிருக்கிறேன். என் கையில் மட்டும் பாத்திரக்கடையாகிவிடுகிறது. விற்றுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

ஏழாம் கட்டை:

விற்காதீர்கள். முதலில் ஃபஸ்ஸைக் கழற்றி ரிங் மாடுலேட்டருக்குப் பின்னால் போடுங்கள். உங்கள் முதல் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கருவி செய்வது பெருக்கல். உள்ளே வரும் ஒவ்வோர் அதிர்வெண்ணையும் கேரியரோடு, அதாவது பெடல் தானே உருவாக்கும் அலையோடு, ஒருமுறை கூட்டி, ஒருமுறை கழித்து, இரண்டாக்கி அனுப்பும். மூல ஒலியை விழுங்கிவிடும். 440 ஹெர்ட்ஸ் உள்ளே போய், கேரியர் 300 ஹெர்ட்ஸில் இருந்தால், வெளியே வருவது 740, 140. ஒரு கம்பியில் பத்து ஹார்மோனிக் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) இருந்தால் இருபது வெளியே வரும். ஆறு கம்பிகளை ஒன்றாக அடித்து, அதையும் ஃபஸ்ஸில் நொறுக்கிக் கொடுத்தால் எத்தனை வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அந்தக் கூட்டத்தில் ஈ மைனரை எங்கே போய்த் தேடுவது?

கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைப் பயன்படுத்துங்கள். டோன் குமிழை ஏறக்குறைய மூடிவிடுங்கள். ஒற்றைக் கம்பியை, பிக் இல்லாமல், பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேலே விரல் சதையால் மீட்டுங்கள். கம்பியின் நட்டநடுவில் மீட்டினால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் அடங்கிப்போகும். உள்ளே போவது எவ்வளவு எளிமையோ அவ்வளவு அழகாக வெளியே வரும்.

பித்தளைக் கம்பி:

ஏழாம் கட்டை சொன்னது சரி. ஆனால் மறுபாதியை அவர் சொல்லவில்லை. கேரியருக்கும் சுருதி சேர்க்க வேண்டும்! கிட்டாருக்கு ஆறு கம்பி என்றால் இது ஏழாவது. பலரும் அந்தக் குமிழைக் கண்ணை மூடிக்கொண்டு ஓரிடத்தில் வைத்துவிட்டு, இசை வரவில்லை என்று பெடலைத் திட்டுகிறார்கள்.

ஏ கம்பி 110 ஹெர்ட்ஸ். கேரியரை 220இல் வையுங்கள். கழித்தால் 110, கூட்டினால் 330. அதே சுரம் நிற்கும். அதோடு மூன்றாம் ஹார்மோனிக்கும் சேர்ந்து கிளாரினெட் போல உள்ளீடற்ற ஒலி கிடைக்கும். கேரியரை நகர்த்தாமல் இப்போது டி கம்பிக்குப் போங்கள். அது 146.8. கழித்தால் 73.2, ஏறக்குறைய ஓர் ஆக்டேவ் கீழே உள்ள டி. கூட்டினால் 366.8, சற்றே இறங்கிய எஃப் ஷார்ப். ஒற்றைக் கம்பியை மீட்டினீர்கள். அடித்தளமும் மேஜர் மூன்றாம் சுரமும் இலவசமாக வந்துவிட்டன.

மீண்டும் ஏ கம்பி, இந்த முறை முதல் ஃபிரெட். 116.5. வெளியே 103.5, 336.5. எதோடும் ஒட்டாத மணி ஒலி. ஒரே ஒரு ஃபிரெட்தான் தள்ளினீர்கள். நீங்கள் பதிவுகளில் கேட்ட கணீர் இதுதான். சுருதி சேர்ந்த இரண்டு சுரங்களுக்கு நடுவே ஒருமுறை வந்தால் மணி, எப்போதும் வந்தால் பாத்திரக்கடை.

கம்பியை இழுத்து வளைத்தும் பாருங்கள். கேரியருக்குக் கீழே உள்ள சுரம் என்றால் கூட்டல் ஒலி மேலே ஏறும், கழித்தல் ஒலி கீழே இறங்கும். ஒரே விரலில் இரண்டு குரல்கள் எதிரெதிர்த் திசையில் நடக்கும். இதற்காகவே நான் இந்தப் பெடலை வைத்திருக்கிறேன்.

சுருதி சேர்க்கும் முறை: மூல ஒலியையும் கலந்து தரும் மிக்ஸ் குமிழைப் பாதியில் வைத்து ஏ கம்பியை மீட்டிக்கொண்டே கேரியரை 220க்கு அருகில் மெதுவாகத் திருப்புங்கள். மூல ஒலியும் கழித்தல் ஒலியும் மோதி 'வவ் வவ்' என்று துடிக்கும். துடிப்பு தளர்ந்து நிற்கும் இடத்தில் கையை எடுத்துவிடுங்கள்.

சாலிடர் புகை:

விசிலுக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் இரண்டு விசில்கள் இருக்கின்றன. ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறீர்கள்.

முதலாவது கேரியர் கசிவு. நான்கு டையோடுகளும் அச்சடித்தது போல ஒத்திருந்தால் உள்ளீடு இல்லாதபோது வெளியீடும் இருக்காது. நடைமுறையில் அப்படி ஒத்திருப்பதில்லை. அதனால் கேரியரின் ஒரு துளி எப்போதும் வெளியே ஒழுகும். கேரியர் குமிழைத் திருப்பும்போது கூடவே சீராக ஏறி இறங்கும் விசில் அது.

இரண்டாவதுதான் டிலேயோடு அலைவது. அனலாக் டிலேக்குள் ஒலியைப் படிப்படியாகக் கைமாற்றித் தாமதப்படுத்தும் பக்கெட் பிரிகேட் சிப்பை ஒரு கடிகாரத் துடிப்பு ஓட்டுகிறது. 4096 படிகள் கொண்ட சிப்பில் 205 மில்லி விநாடி தாமதம் வேண்டுமென்றால் கடிகாரம் 10 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். அது காதுக்கு எட்டும் எல்லை. கேரியரும் அந்தக் கடிகாரமும் ஒரே மின் ஒயரில் கைகுலுக்கிக்கொண்டால், இரண்டின் வேறுபாடும் விசிலாகப் பிறக்கும். டிலேயை மட்டும் ஒரு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். விசில் செத்தால் ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி வெளியீடு தரும், ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்பட்ட மின்வழங்கிதான் தீர்வு.

கசிவுக்கு, உங்கள் பெடலின் உள்ளே டிரிம்மர் என்னும் குட்டித் திருகு இருக்கிறதா பாருங்கள். உள்ளீட்டில் எதையும் செருகாமல், ஆம்பை மிதமாக வைத்து, கசிவு குறையும் இடம்வரை நூலிழை நூலிழையாகத் திருப்புங்கள். முழுவதும் போகாது. போகாததைப் பெரிதாக்காமல் இருப்பதுதான் வேலை. எனவே ரிங் மாடுலேட்டருக்குப் பின்னால் கம்ப்ரசரைப் போடவே போடாதீர்கள். நீங்கள் வாசிக்காத நேரத்தில் அது கசிவைத் தூக்கிப் பிடித்துக் காட்டும்.

இன்னொன்று. டையோடு வகையில் கேரியர் ஒரு சுவிட்ச் போல வேலை செய்து உங்கள் ஒலியின் முனையை மாற்றி மாற்றிப் போடுகிறது. ஆகவே கேரியரின் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்களோடும் கூட்டல் கழித்தல் நடக்கும். கரடுமுரடு அங்கிருந்துதான் வருகிறது. பித்தளைக் கம்பி சொன்ன 220 இதனால்தான் எனக்கும் பிடிக்கிறது: 660ஓடு கூட்டினாலும் 770, அதுவும் 110இன் மடங்கே.

அரைத்தூக்கம்:

எல்லாரும் இந்தப் பெடலைக் குளிப்பாட்டித் தலைவாரி விடுகிறீர்கள். சுத்தமாகத்தான் இருக்க வேண்டுமென்றால் கோரஸ் வாங்கிவிட்டுப் போகலாமே? 1963இல் பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரில் டாலெக் என்னும் எந்திர வில்லன்களின் குரலுக்கு இதைப் பயன்படுத்தியவர்கள் கேரியரைச் சுமார் 30 ஹெர்ட்ஸில் வைத்து, பேச்சையே அதில் போட்டு அரைத்தார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் 1970இல் 'மந்த்ரா'வில் இரண்டு பியானோக்களை முழுதாக இதற்குள் அனுப்பினார். யாரும் டோன் குமிழை மூடவில்லை.

ஃபஸ் முன்னால் இருக்கட்டும். கேரியரை மட்டும் 4, 5 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். உங்கள் பெடல் அவ்வளவு இறங்குமா தெரியவில்லை, மூக் எம்.எஃப்-102 போன்றவை 0.6 வரை இறங்கும். அந்த வேகத்தில் அது டிரெமலோவாகிவிடும், ஆனால் கேரியரின் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. ஃபஸ்ஸின் ஒலி தேயாமல் தட்டையாக நிற்பதால் துடிப்பு கத்தியால் வெட்டியது போல விழும்.

டிலேயை ரிங் மாடுலேட்டருக்கு முன்னால் வைத்துப் பார்த்தீர்களா? பெரும்பாலோர் செய்வதில்லை. ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, எதிரொலிகள் தேயும் வரை கேரியரை எக்ஸ்பிரஷன் பெடலால் (காலால் குமிழைத் திருப்ப உதவுவது) நகர்த்துங்கள். ஒவ்வொரு எதிரொலியும் வேறு வேறு சுருதியில் வெளியே வரும்.

டிலேயின் சுழற்சிக்குள் வேறு பெடலைச் செருக வழியிருந்து, அங்கே ரிங் மாடுலேட்டரைப் போட்டால் இன்னும் வேடிக்கை. முதல் எதிரொலி கேரியரோடு கூடியும் கழிந்தும் வரும். இரண்டாவதில் கூட்டியது கழிக்கப்பட, கழித்தது கூட்டப்பட, மூலச் சுரம் திரும்பி வந்து நிற்கும். டிலே நேரத்தைச் சற்று மாற்றினால் அது மறைந்துவிடும். மீண்டும் மாற்றினால் எட்டிப் பார்க்கும். ஒரு கை எப்போதும் ஃபீட்பேக் குமிழில் இருக்கட்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

பித்தளைக் கம்பி:

அரைத்தூக்கம், பியானோவை வாசித்தவர்கள் கேரியரின் சுருதியை எழுதி வைத்துத்தானே வாசித்தார்கள்? என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்.

மூன்றாம் ஃபிரெட்:

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். டிலேயைப் பேட்டரிக்கு மாற்றியதும் அலைகிற விசில் அடியோடு போய்விட்டது. டிரிம்மரும் இருந்தது, கசிவு பாதிக்கு மேல் குறைந்தது.

இப்போதைய வரிசை: கம்ப்ரசர், ரிங் மாடுலேட்டர் 220இல், ஃபஸ், ஃபேசர், டிலே. ஃபேசரை மிக மெதுவாக ஓட விட்டிருக்கிறேன். முன்பு அது இருப்பதே தெரியாது. இப்போது நெருக்கமான ஒலிகளுக்கு நடுவே அது நகர்வது தெளிவாகக் கேட்கிறது. ஏவும் டியும் பித்தளைக் கம்பி சொன்னபடியே வந்தன. டிலேயை முன்னால் போடும் வித்தையில் நேற்று இரவு மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. விற்பதாக இல்லை.

ஒன்று மட்டும் மிச்சம். ஃபஸ் பின்னால் போனதிலிருந்து, மிச்சமிருந்த கசிவை அது பெரிதாக்குகிறது. வாசிக்கும்போது தெரியாது. நிறுத்தினால் 220 ஹெர்ட்ஸ் ஊதுகிறது. மெல்லிய ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டால் சுரத்தின் வாலும் வெட்டுப்படுகிறது.

சாலிடர் புகை:

கேட் எதைக் கேட்டுத் திறக்கிறது என்பதுதான் விஷயம். கட்டுப்பாட்டுக்குத் தனி உள்ளீடு உள்ள கேட் என்றால், அதற்குக் கிட்டாரின் நேரடி ஒலியைக் கொடுங்கள். அடைக்கும் வேலையை ஃபஸ்ஸுக்குப் பின்னால், டிலேக்கு முன்னால் செய்யட்டும். கசிவு அதை ஏமாற்றாது. அது திறக்கும் ஒலியளவைத் தாழ்வாக வைக்கலாம், வாலும் தப்பும். அது இல்லையென்றால் ரிங் மாடுலேட்டருக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவே ஒரு வால்யூம் பெடல்.

ஏழாம் கட்டை:

அல்லது 220 ஹெர்ட்ஸ் ஊதினால் ஊதட்டும் என்று விட்டுவிட்டு, அதன் மேலேயே ஏவில் வாசியுங்கள். நான் நான்கு வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.