கூரை நிறைய வெயில், வீட்டில் கரண்ட் இல்லை: நிலக்கரியும் சோலரும், யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் அனுபவங்கள்

உரும்பிராயிலிருந்து:

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை இருக்கும். வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். கிணற்று மோட்டர்ச் சத்தம் திடீரென்று அடங்கியது. வாய்க்காலில் வந்த தண்ணீர் நாலாவது பாத்தியின் பாதியோடு நின்று, மண்ணுக்குள் இறங்கிப் போனது. நிமிர்ந்து பார்த்தால் கூரையில் என் 5 கிலோவாட் சோலர் தகடுகள் கண்ணைக் கூசும்படி மின்னுகின்றன. உள்ளே ஃபேன் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உங்கட வீட்டிலயும் கரண்ட் இல்லையோ? பிறகு உந்த சோலர் என்னத்துக்கு?"

நியாயமான கேள்விதான். வெளியே லைன் செத்தால் எங்கள் இன்வேர்ட்டரும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்கு ஆபத்து. இதை மாமிக்கு விளங்கப்படுத்திவிட்டேன். ஆனால் நாடு முழுவதும் ஏன் இருண்டது என்பதை நானே பிறகுதான் விளங்கிக்கொண்டேன். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததால் வந்த கோளாறு என்று அமைச்சர் சொன்னார். எல்லோரும் குரங்கைப் பற்றியே கதைத்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஞாயிறு என்பதால் மின்சாரத் தேவை குறைவு, நல்ல வெயில், அந்த நேரம் கட்டமைப்பில் சோலரின் பங்கு மிக அதிகம். அனல்மின் நிலையத்திலும் நீர்மின் நிலையத்திலும் தொன் கணக்கான பாரம் சுழன்றுகொண்டிருக்கும். எங்காவது ஒரு தட்டுத் தட்டினால் அந்தச் சுழற்சியின் வேகமே சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும். சோலர்த் தகட்டில் சுழல்வதற்கு ஒன்றும் இல்லை. அதனால் ஒரு இடத்துக் கோளாறு தீவு முழுவதையும் விழுத்தியது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. மொத்தம் 900 மெகாவாட். அவற்றை மறுபடி சூடேற்றி எடுக்க நாட்கள் பிடிக்கும். அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணிநேர வெட்டு.

அப்புறம் ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறைக்கு, 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணி மட்டும் கூரைச் சோலரை நிறுத்திவைக்கச் சொன்னது மின்சார சபை. தேவை குறைந்த நாட்களில் இன்னொரு தடவை விழுந்துவிடக் கூடாதென்ற பயம். நிறுத்தினேன். கடன் எடுத்துப் போட்ட தகடு, சித்திரை வெயில், சுவிட்சில் கை வைக்க மனம் வரவில்லை. நிலக்கரியை நினைத்த மாத்திரத்தில் கூட்டிக் குறைக்க முடியாது, ஆகவே குறைய வேண்டியது எங்கள் கூரை.

ஆனாலும் நிலக்கரியை நாளைக்கே மூடு என்று சொல்ல என்னால் முடியாது. தொண்ணூறுகளில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சையும் ஒரு விரற்கடை மண்ணெண்ணெயையும் விட்டு, திரி கொளுத்திப் படித்த ஆள் நான். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, தம்பி பெடல் சுற்ற, டைனமோவில் செய்தி கேட்டோம். எங்கள் சுன்னாகம் உபமின்நிலையம் தேசிய மின்கட்டமைப்போடு இணைந்தது 2013 இல்தான். அதற்குப் பிறகு வீட்டுக்குள் வந்த வெளிச்சத்தில் நிலக்கரிக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டுக் கதைப்பது நேர்மை இல்லை.

என் எண்ணம் இதுதான்: எங்களைப் போன்ற நாடுகளின் சிக்கல் மத்தியானத்தில் இல்லை, இரவு ஏழு மணியில் இருக்கிறது. ஆறரை முதல் பத்தரை வரைதான் தேவை உச்சம். வெயில் அதற்கு முன்பே போய்விடும். பணம் போக வேண்டியது அந்த நாலு மணிநேரத்துக்கு, அதாவது பற்றரிக்கும் மின்கடத்தும் லைனுக்கும். அது நடக்கும்வரை நுரைச்சோலை ஓடட்டும், புதிதாக ஒன்று கட்ட வேண்டாம். புதிய நிலக்கரி நிலையம் இல்லை என்று இலங்கை 2021 இல் வாக்குக் கொடுத்தது. அதற்கு முன்பே, 2016 இல், சம்பூரில் வரவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கைவிடப்பட்டது. இப்போது அங்கே சோலர் வருகிறது.

நெடுந்தீவில் படிப்பித்தவர்:

நீங்கள் தேசிய லைனைப் பற்றிச் சொல்கிறீர்கள். தீவில் அந்த லைனே கிடையாது. நான் இருந்த காலம் முழுக்க டீசல் ஜெனரேற்றர்தான். அதற்கான டீசலும் கடலால்தான் வர வேண்டும். கச்சான் காற்று பலமாக வீசும் மாதங்களில் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று, படகு வருமா வராதா என்று கடலைப் பார்ப்போம். சட்டையைப் பறித்துக்கொண்டு போகிற காற்று. அதே காற்றை நம்பி ஒரு விசிறி சுழன்றிருந்தால் டீசல் வருமா என்று பார்த்திருக்கத் தேவையில்லை.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலை, சோலர், பற்றரி சேர்ந்த திட்டம் ஒன்று 2021 இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுபட்டது. இந்தியா ஆட்சேபித்தது. பிறகு இந்திய நன்கொடையாக மாறி, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பெரிய நாடுகள் இரண்டும் எங்கள் கடலைப் பார்த்து யோசித்த மூன்று வருடமும் தீவில் டீசல் எரிந்தது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது. பக்கத்தில் எழுவைதீவில் சின்ன அளவில் இதே மாதிரி ஒன்று முன்பே ஓடிக் காட்டியது. செய்ய முடியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

இணுவிலிலிருந்து:

நிலக்கரி நுரைச்சோலையில் எரிகிறது, நாங்கள் இங்கே லைற் போடுகிறோம். சாம்பல் பறந்து தங்கள் தோட்டங்களில் படிகிறதென்று அந்த ஊர் விவசாயிகள் கனகாலமாக முறையிடுகிறார்கள். எங்கள் ஆட்கள் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஏனென்றால் சுன்னாகத்து மின்நிலையத்தின் எண்ணெய் அயல் கிணறுகளில் கலந்தபோது எங்களுக்கு எப்படி இருந்தது? அக்கா வீடு அந்தப் பக்கம். தண்ணீர்ப் பவுசர் வரும் நேரம் பார்த்து வாளிகளை ஒழுங்கையில் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருப்போம். கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தது, ஆனால் குழந்தைக்குக் கொடுக்கப் பயம். 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வற்றாத ஆறு இல்லாத குடாநாடு இது, சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே இருக்கிற தண்ணீரை விட்டால் வேறு கதி இல்லை.

நிலக்கரி நம்பகமானது என்பதையும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். அது முழுக்க வெளிநாட்டிலிருந்து டொலருக்கு வாங்குவது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நுரைச்சோலைக் கடலில் கப்பலிலிருந்து இறக்க முடியாது, அதற்கு முன்பே வருடத்துக்குரியதைச் சேர்த்துவைக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் வரை வெட்டினார்களே, எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல். பளைப் பக்கம் சுற்றும் காற்றாலைகளின் காற்றுக்கு டொலர் தேவையில்லை.

உரும்பிராய்க்காரர், நீங்கள் பற்றரி போட்டீர்களா?

உரும்பிராயிலிருந்து:

போட்டேன் அண்ணை, போன மாதம். சின்னது, 5 யூனிற் பிடிக்கும். இனி லைன் செத்தாலும் வீடு இருளாது. மூன்று லைற், இரண்டு ஃபேன், ஃபிரிட்ஜ். கிணற்று மோட்டருக்குப் போதாது, அதனால் இறைப்பு முழுக்கப் பகலில்தான். ஆறரைக்கு வீடு தானாகப் பற்றரிக்கு மாறும். பத்து மணி கழிய லைனுக்குத் திரும்பும், பற்றரியில் மிச்சம் இருப்பது லைன் செத்தால் உதவும். பிறகு விடியுமட்டும் லைன் கரண்ட்தான்.